சமவெளித் தோட்டத்தில் அழகு மூங்கில் தொகுப்பு: எந்த வகைகளை, எப்படி நடுவது?

கேள்வி: ஆனைமலைத் தோட்டம் (பொள்ளாச்சி)

அனைவருக்கும் வணக்கம்.

ஆனைமலைக்கு அருகே எங்கள் வீட்டுக்குப் பின்னால் 40 சென்ட் நிலம் இருக்கிறது. அதில் நின்ற தென்னைகள் கேரள வேர் வாடல் நோயால் ஒவ்வொன்றாகக் காய்ப்பு குறைந்து நலிந்துவிட்டதால் அவற்றை அகற்றிவிட்டோம். அந்த இடத்தில் மறுபடியும் தென்னை வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கக்கூடிய, வகைக்கு ஒரு குத்தாகப் பார்த்து ரசிக்கக்கூடிய ஓர் அழகு மூங்கில் தொகுப்பை அங்கே உருவாக்க வேண்டும் என்று நானும் என் தம்பியும் முடிவு செய்திருக்கிறோம். மண் செம்மண் கலந்த வண்டல். ஒரு பக்கம் வாய்க்கால் ஓடுகிறது. கோடையில் அது வறண்டுவிடும் என்றாலும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து சொட்டுநீர் கொடுக்க முடியும்.

வேலியோரம் மஞ்சள் மூங்கில் ஒரு குத்து முன்பே நிற்கிறது. பொன்னிறக் கழியில் ஒவ்வொரு கணுவிடையிலும் தூரிகையால் இழுத்துவிட்டது போலப் பச்சைக் கோடுகள் அகலமும் எண்ணிக்கையும் மாறி மாறி வருவதைப் பார்த்துத்தான் எங்களுக்கு மூங்கில் மீது இவ்வளவு பற்று உண்டாயிற்று. ஆனால் இப்போது அதே குத்தில் கோடே இல்லாத முழுப் பச்சைக் கழிகள் சில எழும்புகின்றன. இதற்கு என்ன காரணம், அவற்றை விட்டுவைக்கலாமா என்பது தெரியவில்லை.

அடுத்ததாக, கருமூங்கில் வேண்டும் என்று தேடியபோது இரண்டு நாற்றுப்பண்ணைகளில் அதே பெயரில் இரண்டு வேறு செடிகளைக் காட்டினார்கள். ஒன்று மெலிந்த கழியும் சிறிய இலையும் உடையது. மற்றொன்று தடித்த கழியும் அகன்ற இலையும் உடையது. இரண்டில் எது எங்கள் வெயிலைத் தாங்கும்? அடிப்பகுதி குடம் போலப் பருத்திருக்கும் புத்தர் வயிற்று மூங்கிலையும் தொட்டியில் பார்த்தோம். அதை நிலத்தில் நட்டாலும் அதே வடிவத்தில் வளருமா?

பக்கத்துத் தோட்டத்துக்காரர், மூங்கிலை வைத்தால் வேர் ஓடி அவர் நிலத்துக்குள் வந்துவிடும் என்று அஞ்சுகிறார். எங்கள் பாட்டியோ, மூங்கில் பூத்தால் ஊருக்கு ஆகாது, பூத்தபின் எல்லாம் காய்ந்து போகும் என்கிறார். இருவருடைய கவலையையும் நான் அலட்சியம் செய்ய விரும்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: சித்தூர் நாற்றங்கால் (பாலக்காடு)

ஆனைமலை நண்பருக்கு வணக்கம். மூங்கில் கன்றுகளை வளர்த்து விற்பதே என் தொழில் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அழகுக்காக மூங்கில் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கழியின் நிறத்தைத்தான் கேட்கிறார்கள். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு எப்படிப்பட்டது என்பதைத்தான். குத்தாக வளரும் மூங்கில்களில் கிழங்கு குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்து, மேல்நோக்கி வளைந்து, அதன் நுனியே புதுக் கழியாக எழும்பும். ஆகையால் புதுக் கழி தாய்க் கழியை ஒட்டியே நிற்கும். குத்து ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகவே விரியும். ஓடும் மூங்கில்களில் கிழங்கு மெலிந்து நீண்டு, மண்ணின் மேல்மட்டத்திலேயே கிடையாக ஓடிக்கொண்டிருக்கும். கழிகள் அதன் பக்க மொட்டுகளிலிருந்து கிளம்பும். பக்கத்துத் தோட்டக்காரர் அஞ்சுவது இந்த இரண்டாவது வகைக்குத்தான். நம் சமவெளிக்கு உகந்த மூங்கில்களில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை என்பதை அவரிடம் நீங்கள் உறுதியாகச் சொல்லலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: மிசோரம், திரிபுரா பகுதிகளின் முளி மூங்கில், அதாவது மெலோகன்னா பாக்சிஃபெரா, குத்து மூங்கில் இனம்தான் என்றாலும் அதன் கிழங்கின் கழுத்து மிக நீளமானது. கழிகள் ஒன்றுக்கொன்று விலகி விலகி முளைத்து இடத்தை நிரப்பிவிடும். அரிய வகை என்று யாராவது கொடுத்தாலும் 40 சென்டுக்குள் அதை வைக்காதீர்கள்.

கருமூங்கில் பற்றிய உங்கள் குழப்பம் இயல்பானது. மெலிந்த கழியும் சிறிய இலையும் கொண்டது பெரும்பாலும் ஃபில்லோஸ்டாக்கிஸ் நைக்ரா, சீனத்துக் குளிர்நில மூங்கில். தடித்தது ஜாவாவில் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டுவரும் ஜைகான்டோக்ளோவா அட்ரோவயலேசியா. பெயர்ப்பலகையை நம்பாமல் நீங்களே கண்டுகொள்ள வழி இருக்கிறது. கிளை புறப்படும் கணுவுக்கு மேலே கழியை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகவோ நீளப் பள்ளமாகவோ இருந்து, கணுவுக்கு இரண்டு கிளைகளே முதன்மையாக இருந்தால் அது ஃபில்லோஸ்டாக்கிஸ். கழி முழு உருளையாக இருந்து, கணுவில் பல கிளைகள் கொத்தாகக் கிளம்பி, அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தால் அது ஜாவா வகை. முன்னது ஓடும் மூங்கில். உங்கள் வெயிலில் நலிந்து நிற்கும். பின்னது குத்து மூங்கில், வெப்பத்துக்குப் பழகியது. அதன் கழியும் முளைக்கும்போது பச்சையாகத்தான் இருக்கும். முற்ற முற்றத்தான் ஊதா கலந்த கருமை ஏறும். ஈரம் தேங்கும் இடத்தைவிடச் சற்று வறண்ட, நல்ல வெயில் படும் இடத்தில்தான் அந்தக் கருமை தெளிவாகத் தெரியும். ஆகையால் வாய்க்கால் கரையை வேறு வகைக்கு விட்டுவிட்டு, இதை மேட்டுப்பாங்கான பகுதியில் வையுங்கள். முதல் ஆண்டில் கருப்பைக் காணோம் என்று மனம் தளர வேண்டாம்.

புத்தர் வயிற்று மூங்கில் என்ற பெயரிலும் இரண்டு செடிகள் விற்பனையில் இருக்கின்றன. பாம்புசா டுல்டாய்டஸ் இனத்தின் 'வென்ட்ரிகோசா' என்பது தொட்டியில் வேர் நெருக்குண்டு, நீரும் உரமும் குறைவாகக் கிடைக்கும்போதுதான் கணுவிடைகள் குட்டையாகிப் பருக்கும். அதையே நல்ல மண்ணில் நட்டு நீர் பாய்ச்சினால் வயிறு மறைந்து, நேரான பச்சைக் கழிகளாக உயர்ந்துவிடும். பிறகு அது என்ன மூங்கில் என்று யாருக்கும் அடையாளம் தெரியாது. பாம்புசா வல்காரிஸ் இனத்தின் 'வாமின்' அப்படியல்ல; நிலத்தில் நட்டாலும் அடிப்பகுதிக் கணுவிடைகள் பருத்தே வரும், உயரமும் அளவாகவே இருக்கும். இளங்கழியைச் சுற்றியிருக்கும் உறையான மடலைப் பார்த்து இரண்டையும் பிரித்தறியலாம்: 'வென்ட்ரிகோசா'வின் மடல் சுணையில்லாமல் வழவழப்பாக இருக்கும், 'வாமின்' மடலின் முதுகில் கரும்பழுப்புச் சுணை அடர்ந்திருக்கும். நிலத்துக்கு 'வாமின்', வாசல் தொட்டிக்கு 'வென்ட்ரிகோசா' என்பது என் பரிந்துரை.

உங்கள் மஞ்சள் மூங்கிலும் அதே பாம்புசா வல்காரிஸ் இனம்தான். 'விட்டாட்டா' என்ற வடிவம். அந்தப் பொன்னிறம் நிலையானதாகத் தோன்றினாலும், சில குத்துகளில் இனத்தின் மூல நிறமான பச்சைக்குத் திரும்பும் கழிகள் தோன்றுவதுண்டு. பச்சைக் கழி வலுவாக வளரக்கூடியது. விட்டுவைத்தால் நாளடைவில் குத்தே பச்சையாகிவிடும். மேலே வெட்டினால் மட்டும் போதாது; மண்ணைத் தள்ளி, அந்தக் கழியை அதன் கிழங்கோடு எடுத்துவிடுங்கள். வேலை செய்யும்போது நீண்ட கைச் சட்டையும் கையுறையும் அவசியம். மடலின் சுணை தோலில் ஏறினால் நாள் முழுவதும் அரிக்கும்.

இவற்றோடு நான் கட்டாயம் சேர்க்கச் சொல்வது குடை மூங்கில், தைர்சோஸ்டாக்கிஸ் சியாமென்சிஸ். தாய்லாந்திலும் பர்மாவிலும் புத்த மடங்களைச் சுற்றி நடப்படுவது. கழிகள் விரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை மெலிந்து, அடியில் கிளையே இல்லாமல் நெருக்கமாக நேராக எழுந்து, உச்சியில் மட்டும் நுண்ணிய இலைகளோடு கவிந்து நிற்கும். மற்ற பல மூங்கில்களில் மடல் உதிர்ந்துவிடும். இதில் வைக்கோல் நிறத்தில் கழியைத் தழுவியபடியே நின்றுவிடும். சிலர் தூய்மை என்று எண்ணி அவற்றை உரித்துவிடுகிறார்கள். உரிக்காதீர்கள், அந்த மடல்தான் அதன் அழகில் பாதி. வறட்சியையும் நலிந்த மண்ணையும் இந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்ளும் அழகு மூங்கில் நான் அறிந்தவரை வேறில்லை.

பக்கத்துத் தோட்டத்தை ஒட்டிய எல்லைக்கு பாம்புசா மல்டிப்ளெக்ஸ் இனத்தின் வடிவங்கள் பொருத்தமானவை. 'அல்போன்ஸ் கார்' என்ற வடிவத்தில் இளங்கழி வெயில் படும் பக்கத்தில் இளஞ்சிவப்புச் சாயலோடு எழுந்து, பிறகு மஞ்சளில் பச்சைக் கோடாக மாறும். அதே இனத்தின் 'ரிவியரியோரம்' ஆள் உயரத்தைச் சற்றே தாண்டும். பெரணி போன்ற சிற்றிலைகள், உள்ளே பொந்தில்லாத மெல்லிய கழிகள். வெண்ணிறம் வேண்டுமென்றால் தென்சீனத்தின் பாம்புசா சுங்கி இருக்கிறது. அதன் இளங்கழி முழுவதும் வெண்மெழுகுப் பொடி பூத்திருக்கும். கை பட்டால் பொடி அழிந்து விரல் தடம் நின்றுவிடும் என்பதால், நடைபாதையிலிருந்து எட்டாத தூரத்தில் வைப்பது நல்லது.

கன்று வாங்குவதற்கு முன், கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் திருச்சூர் மாவட்டத்தில் வேலுப்பாடத்தில் பராமரிக்கும் மூங்கில் தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்களுக்கு அது தொலைவில்லை. கையளவு கன்றாக வாங்கும் செடி, முழு வளர்ச்சியில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்பதை நேரில் கண்டபின் வரைபடம் போட்டால், பாதிக் கேள்விகள் தாமாகவே தீர்ந்துவிடும்.

பதில்: கோத்தகிரி மலைத்தோட்டம் (நீலகிரி)

சித்தூர் நண்பர் எழுதியதை ஏறத்தாழ முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஓடும் மூங்கில்களை அறவே ஒதுக்கிவிட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எங்கள் மலைக் குளிரில் ஃபில்லோஸ்டாக்கிஸ் நைக்ரா அருமையாக வளர்கிறது. புதுக் கழி பச்சையாக எழுந்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் புள்ளி புள்ளியாகக் கருத்து, பிறகு முழுக் கருமையாகும்போது கிடைக்கும் மெருகு வேறெந்த மூங்கிலிலும் கிடையாது. அதே பேரினத்தின் ஃபில்லோஸ்டாக்கிஸ் ஆரியாவில், அடிப்பகுதிக் கணுக்கள் சாய்வாக ஒன்றையொன்று நெருங்கி முடிச்சு முடிச்சாக இருக்கும். கைத்தடி செய்வதற்கு விரும்பிக் கேட்பார்கள்.

இவற்றை அடக்கி வளர்க்க வழி இருக்கிறது. கிழங்கு பெரும்பாலும் மண்ணின் மேல் ஓரிரு அடிக்குள்தான் ஓடும். ஆகவே இரண்டு முதல் இரண்டரை அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, தடித்த பாலித்தீன் தகட்டை வட்டமாக இறக்கி, அதன் மேல் விளிம்பு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் தெரியும்படி, வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து நிறுத்த வேண்டும். அப்படிச் சாய்த்தால் தகட்டில் முட்டும் கிழங்கு கீழே நுழையாமல் மேலே எழும். விளிம்பைத் தாண்டும்போது கண்ணுக்குத் தெரிந்துவிடும், வெட்டிவிடலாம். தகட்டை இறக்கிவிட்டு மறந்துவிடுகிறவர்களுக்கு இது பயன்படாது. மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் விளிம்பைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், ஆனைமலையின் வெப்பத்தில் இவற்றை நிலத்தில் வைப்பது வீண் முயற்சிதான். நிழலில், பெரிய சிமென்ட் தொட்டியில் ஒன்றை மட்டும் வைத்துப் பார்க்கலாம்.

இன்னொரு செய்தி, உங்கள் ஊரை வைத்துச் சொல்கிறேன். யானைக்கு மூங்கில் விருப்பமான உணவு. உங்கள் நிலம் காட்டின் எல்லைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. யானை வந்து போகும் வழியை ஒட்டியிருந்தால், மூங்கில் தோட்டம் உங்களுக்கும் ஊருக்கும் இடர் தரும். அப்படியானால் இந்த எண்ணத்தையே கைவிடுவது நல்லது. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் குருத்தைத் தோண்டித் தின்னும். அவற்றுக்கு முதல் சில ஆண்டுகள் கம்பி வலை கட்டினால் போதும்.

பதில்: ஈப்போ வாசகர் (மலேசியா)

வணக்கம். இங்கே பேராக் மாநிலத்தில் எங்கள் வீட்டுப் புறத்தோட்டத்தில் வளரும் ஒரு மூங்கிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் பட்டியலில் அது விடுபட்டிருக்கிறது. ஸ்கிசோஸ்டாக்கியம் பிராக்கிகிளாடம். மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளுக்குப் பசையரிசியையும் தேங்காய்ப் பாலையும் மூங்கில் குழலில் வாழையிலை சுருட்டி வைத்து நெருப்போரம் சாய்த்துச் சமைக்கும் லெமாங் உணவுக்கு விரும்பி எடுப்பது இந்த மூங்கிலைத்தான். கழியின் சுவர் மிக மெல்லியதாக இருப்பதாலும் கணுவிடை நீளமாக இருப்பதாலும் சூடு உள்ளே சீராக இறங்குகிறது.

அழகுக்காக வளர்க்கப்படுவது இதன் மஞ்சள் வடிவம். உங்கள் 'விட்டாட்டா'வைப் போலவே பொன்னிறத்தில் பச்சைக் கோடு உண்டு. ஆனால் தோற்றம் முற்றிலும் வேறு. வல்காரிஸ் கழிகள் வெளிப்புறமாகச் சாய்ந்து குத்து கலைந்து நிற்கும். இதன் கழிகளோ நெருக்கமாக, செங்குத்தாக எழும்பும். மடலின் நுனியில் உள்ள தகடு முக்கோணமாக விறைத்து மேல்நோக்கி நிற்பதைக் கண்டால் இந்த இனத்தை உடனே அறிந்துகொள்ளலாம். இரண்டையும் ஒரே தோட்டத்தில் வைத்தால், ஒரே நிறம் இரண்டு வகை அமைப்புகளில் எப்படி மாறித் தெரிகிறது என்பதைப் பார்க்கலாம். தொகுப்பு என்று ஒன்றை உருவாக்குவதன் பயன் இத்தகைய ஒப்பீட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. நிறத்துக்கு ஒன்றாக வாங்கி அடுக்குவதைவிட, ஒப்பிடத்தக்க இரண்டைப் பக்கத்தில் வைப்பது கண்ணுக்கும் அறிவுக்கும் கூடுதல் நிறைவைத் தரும்.

எங்களுக்கு ஆண்டு முழுவதும் மழை. உங்கள் பிப்ரவரி முதல் மே வரையிலான வறட்சியில் இதன் இலை விளிம்பு கருகக்கூடும். வாய்க்கால் கரையை இதற்கு ஒதுக்கி, கோடையில் சொட்டுநீரை நிறுத்தாமல் கொடுங்கள்.

கேள்வியாளர்: ஆனைமலைத் தோட்டம்

மூவருக்கும் மிக்க நன்றி. கோத்தகிரி நண்பர் எழுப்பிய கேள்வி மிக முக்கியமானது. எங்கள் நிலம் காட்டிலிருந்து விலகி, ஊரை ஒட்டி, நாலாபுறமும் தென்னந்தோப்புகள் சூழ இருக்கிறது. யானை வந்ததாக இதுவரை கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் நடுவதற்கு முன் வனத்துறையினரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.

நிலத்தின் நடுவில் பெரிய மூங்கில் ஒன்று, பேராதனைப் பூங்காவின் படங்களில் பார்ப்பது போன்ற ஒன்று, வைக்கலாமா என்று என் தம்பி கேட்கிறான். பராமரிப்பு பற்றியும், பூப்பது பற்றியும் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில்: கண்டித் தோட்டம் (இலங்கை)

வணக்கம். பேராதனை அரச தாவரவியற் பூங்காவில் மகாவலி கங்கையின் பக்கமாக நிற்கும் அந்தப் பெரிய மூங்கில் டென்ட்ரோகலாமஸ் ஜைகான்டியஸ். அதை அடிக்கடி பார்க்கிறவன் என்ற முறையில் உங்கள் தம்பியின் ஆசையை நன்கு உணர்கிறேன். கழிகள் 25 முதல் 30 மீட்டர் வரை உயரும்; ஒரு கழியை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்தால் விரல்கள் எட்டாது. மழைக்காலத்தில் அதன் குருத்து ஒரே நாளில் ஓர் அடி வளரும். காலையில் ஒரு மடல் இருந்த உயரத்தை அடையாளம் வைத்துவிட்டு மாலையில் சென்று பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஆனால் அதன் இடம் 147 ஏக்கர் பூங்காவின் ஆற்றங்கரை. உங்கள் நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 40 மீட்டர்தான் வரும். 30 மீட்டர்க் கழி காற்றில் சாய்ந்தால் எந்தப் பக்கம் விழுந்தாலும் எல்லையையோ மின்கம்பியையோ தொடும். பெரிய தோற்றம் வேண்டுமென்றால் ஜாவாக் கருமூங்கிலே போதும்.

பராமரிப்பில் எல்லாவற்றுக்கும் அடிப்படையான செய்தி ஒன்று உண்டு. மூங்கில் கழி மரம்போல ஆண்டுக்கு ஆண்டு பருப்பதில்லை. மண்ணிலிருந்து எழும்போது எந்தப் பருமனோ அதுதான் அதன் பருமன்; சில மாதங்களில் முழு உயரத்தை எட்டியபின் உயரமும் கூடுவதில்லை. அதற்குப் பிறகு அது முற்றுகிறது, வயதாகிறது, அவ்வளவுதான். ஆகையால் குத்தின் அழகு, அடுத்த மழைக்கு எழும் புதுக் கழி முந்தைய ஆண்டின் கழியைவிடத் தடித்து வருமா என்பதைப் பொறுத்திருக்கிறது. கிழங்கில் சேமிப்பு இருந்தால் தடித்து வரும். புதிதாக நட்ட கன்று முதல் சில ஆண்டுகளில் ஈர்க்குபோல மெல்லிய கழிகளையே தந்தாலும், அவற்றை வெட்டாமல் விட்டுவிட வேண்டும். அந்த இலைகள்தான் கிழங்கை வளர்க்கின்றன.

குத்து நிலைபெற்றபின், கழியின் வயதைப் பார்த்துக் கழிக்க வேண்டும். அவ்வாண்டின் கழி பளபளப்பாக, கணுவுக்குக் கீழே வெண்பொடி வளையத்தோடு, சில மடல்கள் இன்னும் ஒட்டியபடி இருக்கும். மூன்று நான்கு ஆண்டு ஆன கழியில் மெருகு மங்கி, பாசியும் சாம்பல் நிறப் படர்தலும் பிடித்திருக்கும். வெட்ட வேண்டியது இந்த முதிர்ந்த கழிகளைத்தான், அதுவும் குத்தின் நடுவிலிருந்து. ஓரத்துக் கழிகள் கைக்கு எளிதாகக் கிடைக்கின்றன என்பதற்காக அவற்றையே வெட்டிவந்தால், குருத்து எழும் பக்கத்தை அழித்து, நடுவில் காய்ந்த கழிகளின் சிக்கலை மட்டும் மிச்சம் வைத்தவர்களாவோம். வெட்டும் காலம், குருத்து எழும் மழைமாதங்களாக இருக்கக் கூடாது. மழை ஓய்ந்து மண் காய்ந்தபின் செய்யுங்கள்.

வெட்டும்போது மண்ணுக்குச் சற்று மேலே உள்ள கணுவை ஒட்டி, அதற்கு மேலே குழல் மிச்சமில்லாமல் அறுக்க வேண்டும். இதைப் பலர் சிறிய விஷயமாக எண்ணுகிறார்கள், சிறியதல்ல. கணுவுக்கு மேலே ஒரு சாண் உயரம் குழலை விட்டுவிட்டால் அதில் மழைநீர் தேங்கி, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுக்கள் முட்டையிடும். வீட்டை ஒட்டிய தோட்டத்தில், குழந்தைகள் உள்ள இடத்தில், இதில் கவனக்குறைவு கூடாது. பழைய அடிக்கட்டைகளில் நீர் நிற்பதைக் கண்டால் மண் நிரப்பிவிடலாம்.

உதிரும் இலைகளைக் கூட்டி எரிக்காதீர்கள். மூங்கில் மண்ணிலிருந்து எடுக்கும் சிலிக்கா அந்தச் சருகில்தான் இருக்கிறது. குத்தின் அடியிலேயே மூடாக்காகக் கிடந்தால் அது மண்ணுக்குத் திரும்பும், ஈரமும் காயாமல் நிற்கும். ஆனால் அடிக்கிளைகளை ஆள் உயரத்துக்கு ஒதுக்கி, குத்தின் அடி வெளிச்சமாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு பற்றிய அச்சம் பெரும்பாலும் அடி தெரியாத புதர்களால் வருவது.

இனி உங்கள் பாட்டியின் சொல்லுக்கு வருகிறேன். அதை வெறும் நம்பிக்கை என்று தள்ள முடியாது. மிசோரத்தில் முளி மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை பரவலாகப் பூத்துக் காய்க்கிறது. அந்தக் காய்களைத் தின்று பெருகும் எலிகள், காய் தீர்ந்ததும் வயல்களில் இறங்குகின்றன. 1959 ஆம் ஆண்டின் பஞ்சம் அப்படி வந்தது; 2007 ஐ ஒட்டி அது மறுபடியும் நிகழ்ந்தது. நம் முள் மூங்கில் 40 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளியில் கூட்டமாகப் பூத்து, மூங்கிலரிசியைத் தந்துவிட்டு மடிகிறது. காட்டோரத்தில் வாழ்ந்த பெரியவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பாட்டியிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள், அவர் மகிழ்வார்.

உங்கள் தொகுப்பைப் பொறுத்தவரை, ஒரு தோட்டத்தில் வகைக்கு ஒரு குத்து இருப்பதால் எல்லாம் ஒருசேரப் பூத்துக் காயும் நிலை வராது. பாம்புசா வல்காரிஸ் பூப்பதே மிக அரிது. பூத்தாலும் விதை பிடிப்பதில்லை, அதனால்தான் உலகெங்கும் கழித்துண்டுகளாலேயே பரவியிருக்கிறது. மற்ற வகைகளை வாங்கும்போது, கன்று விதையிலிருந்து வந்ததா, துண்டிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். துண்டிலிருந்து வந்த கன்றுக்குத் தாயின் வயதே வயது. தாய் பூக்கும் காலத்தில் கன்றும் பூக்கும். விதைக் கன்றுக்கு முழுச் சுற்றும் மீதம் இருக்கிறது.

கேள்வியாளர்: ஆனைமலைத் தோட்டம்

கண்டி நண்பரின் பதிலைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய சிறுவயதில் மலையோரத்தில் மூங்கில் பூத்த ஆண்டையும், அப்போது வீட்டில் மூங்கிலரிசிக் கஞ்சி காய்ச்சியதையும் விரிவாகச் சொன்னார். அவருடைய எதிர்ப்பு நீங்கிவிட்டது. பெரிய மூங்கிலைத் தம்பியும் விட்டுவிட்டான்.

வரைபடம் இப்படிப் போட்டிருக்கிறோம்: வாய்க்கால் கரையில் ஸ்கிசோஸ்டாக்கியம், மேட்டில் ஜாவாக் கருமூங்கில், நடுவில் குடை மூங்கில் மூன்று குத்து, எல்லையில் 'அல்போன்ஸ் கார்' வரிசை, நடைபாதையின் திருப்பத்தில் 'வாமின்'. சுங்கியை எங்காவது ஒரு மூலையில். இடைவெளி எவ்வளவு விட வேண்டும், எப்போது நட வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

பதில்: சித்தூர் நாற்றங்கால் (பாலக்காடு)

நல்ல வரைபடம். சுங்கியை மட்டும் மூலைக்குத் தள்ள வேண்டாம். கருமூங்கிலுக்குச் சற்றுத் தள்ளி வைத்தால், வெள்ளையும் கருப்பும் ஒரே பார்வையில் தெரியும். ஈப்போ நண்பர் சொன்ன ஒப்பீடு அங்கே நன்றாக அமையும்.

கருமூங்கில், மஞ்சள் மூங்கில், ஸ்கிசோஸ்டாக்கியம் ஆகியவற்றுக்கு எந்தப் பக்கமும் 5 மீட்டர் விடுங்கள். எல்லைக் கோட்டிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் அதே அளவு தள்ளியிருக்கட்டும். குடை மூங்கிலுக்கும் சுங்கிக்கும் 3 முதல் 4 மீட்டர். 'வாமின்' 3 மீட்டரில் அடங்கும். எல்லை வரிசையில் கன்றுக்குக் கன்று 1 மீட்டர் போதும்; ஆனால் வேலியிலிருந்து ஒன்றரை மீட்டராவது உள்ளே தள்ளி நடுங்கள், அந்தப் பக்கம் நின்று கழிக்க ஆள் நுழைய வேண்டும். இப்போது நிலம் வெறுமையாகத் தெரிகிறது என்று நெருக்கி நட்டுவிட்டால், பிறகு நடுக் கழியை வெட்ட வழி இருக்காது. இடைப்பட்ட சில ஆண்டுகளுக்கு மஞ்சளோ சேனையோ ஊடுபயிராகப் போட்டுக்கொள்ளலாம்.

நடும் காலம் ஜூன், தென்மேற்குப் பருவமழையின் முதல் மழைகள் மண்ணை நனைத்தபின். இரண்டடிச் சதுரக் குழி எடுத்து, மட்கிய சாணமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, பையின் மண்கட்டி உடையாமல் வையுங்கள். உங்களிடம் உள்ள மஞ்சள் மூங்கிலிலிருந்து பச்சைக் கழியை எடுக்கும் வேலையை அதற்கு முன்பே, இந்தக் கோடைக்குள் முடித்துவிடுங்கள். ஜூனில் குருத்து கிளம்பிவிட்டால், கிழங்கைத் தோண்டும்போது நல்ல பொன்னிறக் குருத்துகளும் சேர்ந்து முறிந்துவிடும்.